நீரில் கரைதிறன் சோதனை: மூன்று குடுவை, மூன்று விடை. எங்கே இடிக்கிறது?

பிரிவு: ஆய்வகமும் தரக்கட்டுப்பாடும்

#1 செந்தூல்வாசி

வணக்கம். கோலாலம்பூரில் சிறிய சோதனைக்கூடம். வாடிக்கையாளர் ஒருவர் தம் தூளுக்கு 20 டிகிரியில் நீரில் கரைதிறன் எவ்வளவு என்று எண்ணாகக் கேட்கிறார். பாதுகாப்புத் தரவுத் தாளின் 9ஆம் பகுதியில் "சிறிதளவு கரையும்" என்று மட்டும் இருப்பது அவருடைய வெளிநாட்டு வாங்குநருக்குப் போதவில்லையாம். ஓ.இ.சி.டி. 105 வழிகாட்டிப்படி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் நீர்க் கரைதிறன் சோதனை முறை) செய்யச் சொல்கிறார். தூள் ஒரு கரிம அமிலம். அதைத் தொடும் முன், விடை தெரிந்த பென்சோயிக் அமிலத்தைக் குடுவை முறையில் ஓட்டிப் பார்க்கிறோம்.

அமைப்பு: கண்ணாடி மூடியுள்ள 100 மி.லி. குடுவை மூன்று. ஒவ்வொன்றிலும் 0.75 கிராம் பென்சோயிக் அமிலம், 50 மி.லி. காய்ச்சி வடித்த நீர். 30 டிகிரியில் குலுக்கியில் முறையே ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். அதன்பின் ஒவ்வொன்றும் 20இல் வைத்த ஏர்கோன் அறையில் மேசைமேல் 24 மணி நேரம். 0.45 மைக்ரான் நைலான் ஃபில்டர் வழியாக வடித்து, எச்.பி.எல்.சி.யில் (கரைசலில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் நிறப்பிரிகைக் கருவி) 230 நானோமீட்டரில் அளவீடு.

விடை: முதல் குடுவை லிட்டருக்கு 3.34 கிராம், இரண்டாவது 2.61, மூன்றாவது 3.29. கடைசி இரண்டும் 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது வழிகாட்டி. இங்கே வித்தியாசம் 20ஐத் தாண்டுகிறது. கருவியின் அளவுத்திருத்தக் கோடு (தெரிந்த செறிவுகளை ஓட்டி வரைவது) நன்றாகவே இருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும்?

#2 குடுவை

எச்.பி.எல்.சி.யை விடுங்கள், தம்பி. அதன்மேல் பழி போடுமுன் ஒரு சிறு கணக்கு.

பென்சோயிக் அமிலம் லிட்டருக்கு 18 டிகிரியில் 2.7 கிராம், 20இல் 2.9, 25இல் 3.4, 40இல் 5.5 கிராம் கரையும். 20க்கும் 25க்கும் நடுவில் டிகிரிக்கு ஏறக்குறைய மூன்றரை விழுக்காடு ஏறுகிறது. உங்கள் 3.3ஐ இந்தக் கோட்டில் வைத்தால் 24 டிகிரிக்குப் பக்கத்தில் விழும். அதாவது முதல் குடுவையும் மூன்றாவதும் பொய் சொல்லவில்லை. 24 டிகிரிக்கான சரியான விடையைத்தான் சொல்கின்றன. சுவரில் உள்ள ஏர்கோன் எண் 20 என்று காட்டலாம். மேசையில் இருக்கும் நீருக்கு அது தெரியாது.

மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். குடுவைக்குள்ளேயே வெப்பமானி போட்டுப் பார்த்தீர்களா? கட்டடத்தின் மைய ஏர்கோன் இரவில் நிற்குமா? இரண்டாவது குடுவையின் வடிநீரை எப்போது, எந்த அளவுக்கு நீர்த்தீர்கள்?

#3 செந்தூல்வாசி

அண்ணே, குடுவைக்குள் பார்த்ததில்லை, அறை வெப்பமானி மட்டும்தான். மைய ஏர்கோன் மாலை ஏழு மணிக்கு நின்றுவிடும், காலை எட்டு மணிக்குத்தான் திரும்ப ஓடும். வடிநீரை எடுத்தது காலை பத்து மணிக்கு.

முதல் குடுவையும் மூன்றாவதும் எடுத்தவுடன் 100 மடங்கு நீர்க்கப்பட்டன. இரண்டாவதன் வடிநீர் நீர்க்காமல் குப்பியில் இரவு முழுக்க எச்.பி.எல்.சி.யின் தானியங்கி மாதிரித் தட்டில் இருந்தது. தட்டு 10 டிகிரி. மறுநாள் காலை அதிலிருந்து எடுத்து நீர்த்து ஓட்டினோம்.

#4 தீவு மருந்தாளர்

2.61க்கான காரணம் அந்தத் தட்டுதான். பென்சோயிக் அமிலத்துக்கு 10 டிகிரியில் கரைதிறன் லிட்டருக்கு 2.2 கிராமை ஒட்டித்தான் வரும். 24 டிகிரியில் தெவிட்டிய கரைசலை அங்கே வைத்தால் மிச்சம் படிகமாக இறங்கும். குப்பியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், அடியில் மெல்லிய ஊசிகள் தெரியும். முழுக்க 2.2க்கு இறங்காமல் 2.61இல் நின்றதும் வியப்பில்லை. வடித்த கரைசலில் விதைப்படிகம் இல்லாததால் ஓரளவு மிகைத்தெவிட்டலாகவே நிற்கும்.

விதி இதுதான்: தெவிட்டிய கரைசலை அப்படியே ஒரு நிமிடம்கூட வேறு வெப்பநிலையில் வைக்கக் கூடாது. வடித்த கையோடு 1 மி.லி. எடுத்து 100 மி.லி. அளவுக் குடுவையில் இட்டு, நகர்வுக் கரைசலால் (எச்.பி.எல்.சி.யில் ஓடும் கரைப்பான்) கோடு வரை நிரப்பிவிடுங்கள். லிட்டருக்கு 29 மில்லிகிராம் வாக்கில் வரும். அதன்பின் தட்டு 4 டிகிரியில் இருந்தாலும் கவலையில்லை. பிப்பெட் முனை, சிரிஞ்ச், ஃபில்டர் எல்லாமே சோதனை வெப்பநிலையில் காத்திருக்க வேண்டும். பினாங்கில் எங்கள் பக்கம் 37 டிகிரியில் வேலை செய்வோர் 22 டிகிரி அறையில் குளிர்ந்த சிரிஞ்சால் உறிஞ்சும்போது, சிரிஞ்சுக்குள்ளேயே பனி பிடித்ததுபோல் படிகம் கட்டும்.

நைலான் ஃபில்டர் பற்றி: லிட்டருக்கு 3 கிராம் அளவில் அது விழுங்குவது தெரியவே தெரியாது. முதல் 2, 3 மி.லி.யைக் கொட்டிவிட்டால் போதும். ஆனால் லிட்டருக்குச் சில மில்லிகிராம் என்ற அளவுக்கு இறங்கினால் நைலான் ஆபத்து. அமிலங்களையும் ஃபீனால் வகைகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நீர்விரும்பும் பி.வி.டி.எஃப். அல்லது நீர்விரும்பும் பி.டி.எஃப்.இ.க்கு மாறுங்கள். எதற்கு மாறினாலும், எதிர்பார்க்கும் செறிவில் ஒரு தரக்கரைசலை வடித்தும் வடிக்காமலும் ஓட்டி ஒப்பிட வேண்டும். இரண்டும் 2 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் அந்த ஃபில்டர் உங்களுக்கு உரியது.

#5 குடுவை

மருந்தாளர் அக்கா சொன்னதில் எனக்கு ஒரு சின்ன முரண். வழிகாட்டி வடிக்கச் சொல்லவில்லை, சோதனை வெப்பநிலையிலேயே சென்ட்ரிஃபியூஜ் செய்யச் சொல்கிறது. ஃபில்டரைச் சரிபார்த்துவிட்டால் அதையும் ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஆனால் சென்ட்ரிஃபியூஜ் என்றதும் குளிரூட்டல் இல்லாத மேசை வகையை எடுத்துவிடாதீர்கள். கால் மணி நேரம் வேகமாக ஓடினாலே அறையைவிடப் பல டிகிரி சூடாகிவிடும். உள்ளே மிச்சத் தூள் இருப்பதால் அந்தச் சூட்டில் கூடுதலாகக் கரையும். வெளியே எடுக்கும்போது தெளிவாகத்தான் இருக்கும், எண்தான் தவறு. குளிரூட்டும் வகை இல்லையென்றால் ஃபில்டரே மேல்.

செந்தூல்வாசி, இப்போது உங்கள் வெப்பநிலைக்கு வருவோம். 20 கூட்டல் கழித்தல் 0.5 டிகிரி என்பது நம் ஊரில் மேசைமேல் நடக்காது. சூடேற்றி மட்டும் உள்ள நீர்த்தொட்டியும் உதவாது, அறைக்குக் கீழே அதால் இறங்க முடியாது. சொல்லப்போனால் அறையைவிட ஐந்து டிகிரியாவது மேலே இருந்தால்தான் அது சீராகப் பிடிக்கும். இரவில் ஏர்கோன் நின்று அறை 28க்கு ஏறினால் உங்கள் "30 டிகிரி" கட்டமும் கட்டுப்பாட்டில் இல்லை என்றுதான் அர்த்தம்.

தேவை, குளிரூட்டும் சுழற்சித் தொட்டி. அது வாங்கப் பணம் இல்லையென்றால் ஒரு வழி இருக்கிறது. மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் சிறிய குளிர்விப்பானின் நீரைச் செம்புச் சுருள் வழியாக உங்கள் நீர்த்தொட்டிக்குள் ஓட விடுங்கள். குளிர்விப்பான் இடைவிடாமல் 15, 16 டிகிரிக்கு இழுக்கட்டும், தொட்டியின் சூடேற்றி 20க்குத் தள்ளட்டும். இரண்டும் எதிரெதிராக இழுக்கும்போதுதான் 0.1 டிகிரிக் கட்டுப்பாடு வரும். தொட்டியைப் பாலிஸ்டைரின் பலகையால் மூடுங்கள், இல்லாவிட்டால் நம் ஈரப்பதத்தில் வெளிப்புறமெல்லாம் வியர்த்து, குடுவைக் கழுத்தில் நீர் இறங்கி மூடி வழியாக உள்ளே போகும். கழுத்தைத் துடைத்துவிட்டே மூடியைத் திறக்க வேண்டும்.

0.1 என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கரைதிறன் டிகிரிக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் மாறினால், முதல் வெப்பநிலையிலிருந்து குறைந்தது 10 டிகிரி தள்ளி இன்னும் இரண்டு வெப்பநிலையில் அளக்கச் சொல்கிறது வழிகாட்டி. கட்டுப்பாடும் 0.5இலிருந்து 0.1க்கு இறுகும். பென்சோயிக் அமிலமே அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. உங்கள் வாடிக்கையாளர் பொருளும் தாண்டினால் மூன்று வெப்பநிலைக்கு விலைப்புள்ளி கொடுங்கள், ஒன்றுக்கு அல்ல.

காந்தக் கலக்கியை நேரடியாகக் குடுவைக்கு அடியில் வைக்கிறவர்களுக்கும் ஒரு சொல். சூடேற்றும் பொத்தானைத் தொடாவிட்டாலும் மோட்டார் சூடு தட்டுக்கு ஏறும். நீருக்கடியில் இயங்கும் கலக்கி அல்லது நீர்த்தொட்டிக் குலுக்கிதான் சரி.

#6 பாலிடெக் பையன்

அண்ணே, எங்க லேப்ல எச்.பி.எல்.சி. கெடையாது. பென்சோயிக் அமிலத்த சும்மா காரம் சொட்டு விட்டுத் தரம்பார்த்தே கண்டுபிடிக்கலாமா? இல்லன்னா 25 மி.லி. வடிநீர பீங்கான் கிண்ணத்துல ஊத்தி 105 டிகிரி அடுப்புல காய வெச்சு எடை பார்த்தா போதுமா?

#7 குடுவை

தரம்பார்த்தல் அருமையான வழி. காய வைப்பது வேண்டவே வேண்டாம். பென்சோயிக் அமிலம் உருகாமலே ஆவியாகும் குணம் உள்ளது. 105 டிகிரியில் வைத்தால் நீரோடு சேர்ந்து அதுவும் கிளம்பிவிடும். கிண்ணத்தில் மிஞ்சுவதை வைத்து எதையும் சொல்ல முடியாது. உப்பு, சர்க்கரை போன்றவற்றுக்கு மட்டுமே அந்த முறை.

0.05 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு தயாரிக்கவும். கொதிக்க வைத்து மூடி ஆறவிட்ட நீரில் கலக்க வேண்டும், இல்லையென்றால் கரைந்துள்ள கரியமில வாயு உங்கள் காரத்தைத் தின்றுவிடும். பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் 0.2 கிராம் எடுத்துத் தரப்படுத்தினால் 19.6 மி.லி. வாக்கில் செலவாகும். பிறகு 25 மி.லி. தெவிட்டிய கரைசல், இரண்டு சொட்டு ஃபீனால்ஃப்தலீன். முடிவுப் புள்ளி பி.எச். 8.2 அருகில் வருவதால் அந்த நிறங்காட்டி பொருந்தும், மெத்தில் ஆரஞ்சு பொருந்தாது. 20 டிகிரிக் கரைசல் என்றால் 11.9 மி.லி., 24 டிகிரி என்றால் 13.5 மி.லி. செலவாகும். 0.05 மி.லி. வாசிப்புப் பிழை அரை விழுக்காடுகூட இல்லை. பல எச்.பி.எல்.சி. விடைகளைவிட இது நம்பகமானது.

பிப்பெட் முனையில் சிறு கண்ணாடிக் கம்பளி அடைத்து உறிஞ்சுங்கள், மிதக்கும் துகள் உள்ளே போகாது. உறிஞ்சியதும் கம்பளியை எடுத்துவிட்டுத்தான் அளவுக் கோட்டுக்கு இறக்க வேண்டும். பிப்பெட்டை வடிநீரால் அலசும் பழக்கமும் இங்கே நல்லது. துகள் ஒட்டிய பிப்பெட் நாள் முழுவதையும் கெடுக்கும். பென்சோயிக் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் அடங்காது, அரைக்கும்போது முகக்கவசம் போடுங்கள்.

ஒரே குறை, தரம்பார்த்தலுக்கு எந்த அமிலம் என்று தெரியாது. தூய பொருளுக்கு மட்டும் நம்பலாம்.

#8 தீவு மருந்தாளர்

அந்த "தூய" என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. வழிகாட்டி, தெவிட்டத் தேவையான அளவைப்போல் ஐந்து மடங்கு போடச் சொல்கிறது. செந்தூல்வாசியின் 0.75 கிராம் அப்படி வந்ததுதான். இப்போது தூள் 98 விழுக்காடு தூய்மை, மீதி 2 விழுக்காடு நீரில் எளிதாகக் கரையும் உப்பு என்று வையுங்கள். 0.75 கிராமில் அது 15 மில்லிகிராம். 50 மி.லி.யில் கரையும் பென்சோயிக் அமிலமோ 145 மில்லிகிராம்தான். தூளில் 2 விழுக்காடாக இருந்த அழுக்கு, கரைசலில் 10 விழுக்காடாகிவிடுகிறது. எடை முறையோ மொத்தக் கார்பன் முறையோ அதை அப்படியே பொருளின் கணக்கில் சேர்த்துவிடும். எச்.பி.எல்.சி. அந்தப் பிழையைச் செய்யாது, ஆனால் அழுக்கு பி.எச்.ஐ மாற்றினால் அதுவும் தப்பாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை: இரண்டு மடங்கு தூள் போட்டு ஒரு குடுவை, பத்து மடங்கு போட்டு இன்னொன்று. இரண்டும் ஒரே எண் கொடுத்தால் பொருள் சுத்தம். போடப்போட ஏறினால் நீங்கள் அளப்பது பொருளை மட்டும் அல்ல.

#9 செந்தூல்வாசி

அக்கா, எங்கள் பொருளின் பி.கே.ஏ. (அமிலத்தில் பாதி அயனியாகும் பி.எச்.) 4ஐ ஒட்டியது. வெறும் நீரில் அளப்பதா, பி.எச்.ஐ மாறாமல் பிடிக்கும் தாங்கல் கரைசலில் அளப்பதா? வாடிக்கையாளர் "பி.எச். 7இல் வேண்டும்" என்றும் கேட்கிறார்.

#10 தீவு மருந்தாளர்

ஓ.இ.சி.டி. 105க்கு வெறும் நீர்தான். ஆனால் ஒவ்வொரு குடுவையின் பி.எச்.ஐயும் அளந்து எழுதியே ஆக வேண்டும். பென்சோயிக் அமிலம் தெவிட்டிய நீர் பி.எச். 2.9 வாக்கில் இருக்கும். நீங்கள் ஊற்றிய நீர் 5.6, 6 என்று இருந்திருக்கும், அதற்கு இங்கே மதிப்பில்லை. முடிவில் உள்ள பி.எச்.தான் விடையோடு போக வேண்டும்.

"பி.எச். 7இல்" என்ற கோரிக்கைதான் பலரைக் கவிழ்க்கும். 6.8ஐயே கணக்குப் பார்ப்போம். பி.கே.ஏ. 4.2 உள்ள அமிலத்துக்கு அங்கே கரைதிறன், அயனியாகாத நிலையில் உள்ளதைப்போல் ஏறக்குறைய 400 மடங்கு. லிட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் என்று தாளில் வரும். நடைமுறையில் அது வராது. 50 மில்லிமோலார் பாஸ்பேட் தாங்கலில் அமிலத்தை ஏற்கும் பகுதி ஏறக்குறைய பாதிதான், இருபது சொச்சம் மில்லிமோல். அந்த அளவு அமிலம் கரைந்ததும் தாங்கல் சரிந்து பி.எச். நாலுக்குப் பக்கம் ஓடிவிடும். கடைசியில் உங்கள் அறிக்கையில் "பி.எச். 6.8" என்று தலைப்பும், உண்மையில் 4.2 வாக்கில் அளந்த எண்ணும் இருக்கும்.

செய்ய வேண்டியது: தூளைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பி.எச். பாருங்கள். இறங்கியிருந்தால் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடை சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மீட்டெடுங்கள். மறுபடி கலக்கி மறுபடி பாருங்கள், நிலைக்கும் வரை. சேர்த்த காரத்தின் கனஅளவைக் கணக்கில் எடுங்கள். ஒரு கட்டத்தில் தூள் முழுதும் கரைந்துபோனால் அங்கே நிறுத்தி "இதற்கு மேல்" என்று எழுதுவதே நேர்மை. அதற்கும் மேலே போனால் திண்மமாக மிஞ்சுவது அமிலமா அதன் சோடியம் உப்பா என்ற வேறு கேள்வி வந்துவிடும்.

மருந்துத் துறையினருக்கு: 2019இன் ஐ.சி.எச். எம்.9 (மருந்துப் பதிவுக்கான பன்னாட்டு வழிகாட்டி) கேட்பது வேறு கேள்வி. 37 டிகிரியில், கூட்டல் கழித்தல் 1, பி.எச். 1.2 முதல் 6.8 வரை, மிக அதிகமான ஒருவேளை மருந்தளவு 250 மி.லி.க்குள் முழுதும் கரைகிறதா என்பதே அது. ஒவ்வொரு பி.எச்.சிலும் குறைந்தது மூன்று தடவை. சோதனை நேரத்துக்குள் 10 விழுக்காட்டுக்கு மேல் சிதைந்தால் கரைதிறனைச் சரியாகத் தீர்மானிக்க முடியாது என்பது அதன் நிலை. இதையும் 105ஐயும் ஒரே அறிக்கையில் கலக்காதீர்கள்.

#11 கிள்ளான் எண்ணெய்

இழையைத் திருப்புவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது பாமாயில் வழி வந்த எஸ்டர், திரவம், நீரைவிட லேசு. குடுவை முறையில் குலுக்கினால் பால் மாதிரி ஆகிறது. சென்ட்ரிஃபியூஜுக்குப் பிறகும் முதல் நாள் லிட்டருக்கு 14 மில்லிகிராம், அடுத்து 22, அடுத்து 31. மொத்தக் கார்பன் கருவியில் அளந்தது. நாளுக்கு நாள் ஏறுவதால் இன்னும் சமநிலை வரவில்லை என்று எடுத்துக்கொண்டு ஒரு வாரம் குலுக்கலாமா?

#12 குடுவை

வேண்டாம், அண்ணே. ஒரு வாரம் குலுக்கினால் 31 போய் 60 வரும். அது கரைதிறன் இல்லை, குழம்பு. குலுக்கக் குலுக்க எஸ்டர் நுண்துளிகளாக உடைகிறது. ஒரு மைக்ரானுக்குக் கீழே போன துளியைச் சாதாரண சென்ட்ரிஃபியூஜ் பிரிக்காது, 0.45 ஃபில்டரும் பிடிக்காது. இருட்டில் சிவப்பு லேசர் விளக்கைக் குப்பிக்குள் அடித்துப் பாருங்கள். கதிரின் பாதை கோடாகத் தெரிந்தால் துளிகள் இருக்கின்றன.

இதற்கு மெதுவாகக் கலக்கும் முறைதான். அடியில் குழாய் உள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் நீரை நிரப்பி, அது 20 டிகிரிக்கு வந்தபின், எஸ்டரை மேற்பரப்பில் மெல்லப் பரப்புங்கள். காந்தக் கட்டை அடியில் மிக மெதுவாகச் சுழல வேண்டும். மேற்பரப்பில் குழி விழுந்தும் விழாமலும் இருக்கும் வேகம் போதும், எஸ்டர் படலம் கிழியக் கூடாது. நாள்தோறும் அடிக்குழாயில் முதல் சில மி.லி.யைக் கொட்டிவிட்டு மாதிரி எடுங்கள். தொடர்ந்த மாதிரிகளில் ஏற்றம் நின்றால் அதுதான் சமநிலை. வாரக்கணக்கில் ஆகலாம். எடுக்கும் நீருக்கு ஈடாக மேலிருந்து நீர் ஊற்றினால் படலம் கலையும், ஆகவே முதலிலேயே பெரிய பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவிடும் கருவியையும் மாற்றுங்கள். எஸ்டரில் மிஞ்சியிருக்கும் கிளிசரினும் மெத்தனாலும் நீரில் முழுதாகக் கரையும். மொத்தக் கார்பன் கருவிக்கு எல்லாமே கார்பன்தான். எஸ்டரில் 0.1 விழுக்காடு கிளிசரின் இருந்து, லிட்டருக்கு 10 கிராம் எஸ்டர் போட்டால், 10 மில்லிகிராம் கிளிசரின் நேராக நீருக்குள் வந்துவிடும். உங்கள் 14இல் பெரும்பங்கு அதுவாகவே இருக்கலாம். கரைப்பானால் பிரித்தெடுத்து வாயு நிறப்பிரிகையில் எஸ்டர் எஸ்டராகப் பாருங்கள்.

பாமாயில் எஸ்டர் கலவைதானே, பன்னிரண்டு கார்பன் சங்கிலியும் பதினெட்டும் ஒரே அளவில் கரையாது. கலவைக்கு ஒற்றை எண் கிடையாது. லிட்டருக்கு எத்தனை கிராம் போட்டீர்கள் என்பதையும் விடையோடு சேர்த்து எழுத வேண்டும்.

#13 பாலிடெக் பையன்

10 மில்லிகிராமுக்குக் கீழன்னா குழாய் முறைன்னு படிச்சேன். அதுல என்ன பண்ணுவாங்க?

#14 குடுவை

திண்மங்களுக்கு மட்டும் அது. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே கரைபவற்றைக் குலுக்கினால் மிதக்கும் துகள்தான் பெரிய பிழை. அதனால் துகளைக் கட்டிப்போட்டு நீரை ஓட விடுகிறார்கள். 600 மில்லிகிராம் கண்ணாடி மணி அல்லது மணல், பொருளை எளிதில் ஆவியாகும் கரைப்பானில் கரைத்து அதன்மேல் பூசி, சுழல் ஆவியாக்கியில் கரைப்பானை முற்றிலும் விரட்ட வேண்டும். கொஞ்சம் மிஞ்சினாலும் பொருள் நீருக்கும் கரைப்பானுக்கும் பங்கு பிரிந்து, எண் குறைந்து வரும். பூசிய மணிகளை 5 மி.லி. நீரில் இரண்டு மணி நேரம் ஊற வைத்துக் குழாயில் நிரப்புவார்கள். மணிக்கு 25 மி.லி. வேகம், முதல் ஐந்து படுகை அளவு (குழாயில் உள்ள மணிப் படுகையின் கனஅளவு) நீரைக் கொட்டிவிடுவது, அதன்பின் தொடர்ந்த ஐந்து மாதிரிகளாவது 30 விழுக்காட்டுக்குள் ஒத்து இருப்பது. பிறகு வேகத்தைப் பாதியாக்கி மறுபடி. பாதி வேகத்தில் செறிவு ஏறினால் முதல் ஓட்டம் தெவிட்டவில்லை என்று பொருள், இன்னும் குறைக்க வேண்டும்.

பூசும்போது பொருள் எண்ணெயாகப் படிந்தாலோ வேறு படிக வடிவமாக இறங்கினாலோ மொத்தமும் வீண். நுண்ணோக்கியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு நிரப்பவும்.

#15 தீவு மருந்தாளர்

படிக வடிவம் என்று சொன்னதால் குடுவை முறைக்கும் ஒன்று. சோதனை முடிந்ததும் அடியில் மிஞ்சிய தூளைக் கொட்டிவிடாதீர்கள். கார்பமாசெபின், தியோஃபிலின் போன்றவை நீரில் கிடக்கும்போதே நீரேற்றப் படிகமாக மாறும். முதல் சில மணி நேரத்தில் கரைசல் உயர்ந்து, பிறகு இறங்கிப் புதிய வடிவத்தின் கரைதிறனில் நிற்கும். அந்த இறக்கத்தைக் கண்டதும் பொருள் சிதைகிறது என்று முடிவு கட்டுவார்கள். மிச்சத்தை வடித்து, ஈரத்தோடு எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனையில் படிக வடிவம் பாருங்கள். கருவி இல்லையென்றால் நுண்ணோக்கி போதும், போட்டது பொடியாகவும் மிஞ்சியது நீள ஊசியாகவும் இருந்தால் கண்ணுக்கே தெரியும். அடுப்பில் காய வைத்துவிட்டுப் பார்த்தால் நீரேறிய வடிவம் பழையபடி மாறி ஏமாற்றிவிடும்.

#16 செந்தூல்வாசி

நன்றி, இப்போது தெளிவு. குளிர்விப்பான் சுருள் வழியைப் பொருத்துகிறோம். எங்கள் பொருளுக்குத் தொடக்கச் சோதனை செய்யாமல் நேராகக் குடுவைக்குப் போகலாமா? 30 டிகிரி கட்டத்தை விட்டுவிட்டால் என்ன?

#17 குடுவை

தொடக்கச் சோதனையை விடக் கூடாது, அதுதான் ஐந்து மடங்கு என்றால் எத்தனை கிராம் என்று சொல்லும். 0.1 கிராம் தூளை மூடியுள்ள 10 மி.லி. அளவுருளையில் போட்டு, நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் குலுக்கிப் பாருங்கள். 2 மி.லி.க்குள் கரைந்தால் லிட்டருக்கு 50 முதல் 100 கிராம், 10 மி.லி.க்குள் என்றால் 10 முதல் 50, 100 மி.லி. உருளைக்கு மாற்றியபின் கரைந்தால் 1 முதல் 10, அதிலும் மிஞ்சினால் 1 கிராமுக்குக் கீழே. குறைவாகக் கரைவதுபோல் தெரிந்தால் 24 மணி நேரமாவது விட்டுப் பாருங்கள், தேவைப்பட்டால் 96 வரை. தூள் நீரில் நனையாமல் மிதந்தால் சோப்புத் துளி சேர்க்கும் ஆசை வரும். சேர்த்துவிடாதீர்கள்.

30 டிகிரி கட்டம் கட்டாயமில்லை. நேராக 20இல் கலக்கி, எண் நிலைக்கும் வரை மாதிரி எடுக்கலாம், அதற்கும் வழிகாட்டி இடம் தருகிறது. எனக்குப் பிடித்தது இரண்டையும் செய்வது. ஒரு குடுவை 30இலிருந்து 20க்கு இறங்கட்டும், இன்னொன்று 10இலிருந்து 20க்கு ஏறட்டும். மேலிருந்து வருவது மிகைத்தெவிட்டலில் மாட்டலாம், கீழிருந்து வருவது கரையாமல் தாமதிக்கலாம். இரண்டும் ஒரே எண்ணில் சந்தித்தால் எந்தத் தணிக்கையாளரும் கேள்வி கேட்க முடியாது.

அறிக்கையில் 2.913 என்று எழுதாதீர்கள். 2.9, வெப்பநிலை, முடிவு பி.எச்., பிரித்த முறை, தூளின் தூய்மையும் தொகுதி எண்ணும். வாடிக்கையாளர் வெளிநாட்டுப் பதிவுக்கு அனுப்புவதாக இருந்தால் ஒன்றை முன்கூட்டியே கேளுங்கள்: அவருக்குத் தேவை ஐ.எஸ்.ஓ. 17025 படியான சாம் (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரமா, ஜி.எல்.பி.யா (நல்ல ஆய்வக நடைமுறை)? இரண்டும் ஒன்றல்ல. மலேசியா 2013இல் ஓ.இ.சி.டி.யின் தரவுப் பரஸ்பர ஏற்பில் (ஒரு நாட்டின் சோதனைத் தரவை மற்ற நாடுகளும் ஏற்கும் ஏற்பாடு) முழுமையாக இணைந்தது. அந்த ஏற்பு ஜி.எல்.பி. ஆய்வுக்குத்தான், சாம் சான்றிதழுக்கு அல்ல. சோதனை முடிந்தபின் இது தெரியவந்தால் முதலிலிருந்து செய்ய வேண்டி வரும்.

#18 கிள்ளான் எண்ணெய்

லேசர் அடித்துப் பார்த்தேன், கோடு பளிச்சென்று தெரிகிறது. மெதுவாகக் கலக்கும் பாத்திரத்துக்கு ஆர்டர் போட்டாயிற்று. குழாயின் மூடிக்கு டெஃப்லான்தான் வேண்டுமா, கண்ணாடி போதுமா?

#19 குடுவை

டெஃப்லான் போடுங்கள். கண்ணாடி மூடிக்குக் கிரீஸ் தடவ வேண்டி வரும், கிரீஸ் உங்கள் எஸ்டரை உறிஞ்சும். பிரித்தெடுக்கும் ஹெக்ஸேன் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் எஸ்.டபிள்யூ. 322 (ஹாலஜன் இல்லாத கரைப்பான் கழிவுக்கான மலேசியக் குறியீடு) என்று சீட்டு ஒட்டித் தனிக் கலனில் சேருங்கள். தேதி எழுத மறக்காதீர்கள், கழிவை வைத்திருக்கக்கூடிய 180 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.